பயத்தோடு நடக்கப் பழகுதல்: அறவழிப் போராட்டத்துக்கு ஒரு ஜெபக்குழுவை ஆயத்தப்படுத்துவது எப்படி

1956 ஜனவரி 27ஆம் தேதி நள்ளிரவில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், 27 வயதான ஒரு போதகர் தம் வீட்டுச் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவியும் இரண்டு மாதக் கைக்குழந்தையும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சற்று முன்புதான் தொலைபேசியில் ஒரு குரல், மூன்று நாளைக்குள் ஊரை விட்டுப் போகாவிட்டால் வீட்டைத் தகர்த்து அவரையும் கொன்றுவிடுவோம் என்று மிரட்டியிருந்தது. காபி போட்டுக் கோப்பையை எதிரே வைத்துக்கொண்டவர் அதைத் தொடவே இல்லை. கோழை என்ற பெயர் வாங்காமல் இந்தப் போராட்டத்திலிருந்து எப்படி விலகிக்கொள்வது என்றுதான் அந்த வேளையில் யோசித்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு மேசைமேல் தலைகவிழ்ந்து, தாம் பயப்படுவதாகவும், தம் பெலன் தீர்ந்துபோயிற்று என்றும், இதைத் தனியாக எதிர்கொள்ளத் தம்மால் இயலாது என்றும் வாய்விட்டு ஜெபித்தார். நீதிக்காக எழுந்து நில், சத்தியத்துக்காக எழுந்து நில் என்ற உள்குரலை அந்த மேசையருகில்தான் அவர் கேட்டார். அவர் மார்ட்டின் லூதர் கிங். மூன்று இரவுகள் கழித்து, ஜனவரி 30 அன்று, அவருடைய வீட்டு முன்திண்ணையில் குண்டு வெடித்தது. மனைவியும் குழந்தையும் உயிர் தப்பினார்கள். கூட்டத்திலிருந்து விரைந்து வந்த கிங், ஆயுதங்களோடு வாசலில் திரண்டு நின்ற தம் மக்களிடம் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி, சத்துருக்களைச் சிநேகிக்கவேண்டும் என்ற கட்டளையை அந்த உடைந்த திண்ணையில் நின்றே நினைவூட்டினார்.

அந்தச் சமையலறைக்கும் அந்தத் திண்ணைக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைப் பலமுறை வாசித்து, எங்கள் சபையில் ஒரு சிறு குழுவோடு சேர்ந்து பழகிப் பார்த்ததன் பயனாக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். 1955 முதல் 1965 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் கிறிஸ்தவர்கள் நிறவொதுக்கலை எதிர்த்து நடத்திய போராட்டத்தை நாம் வழக்கமாக மேடைப் பேச்சுகளின் வழியாகவே அறிந்திருக்கிறோம். அந்தப் பேச்சுகளுக்குப் பின்னால் வாரக்கணக்கான ஆயத்தம் இருந்தது. விசுவாசம் அவர்களுடைய பயத்தை எடுத்துப்போட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்த மனிதர்கள் அந்தப் பயத்தோடேயே வரிசையில் சேர்ந்து நடப்பதற்கான பழக்கங்களை அது கொடுத்தது என்றே தோன்றுகிறது. பழக்கங்களாக இருப்பதால் அவற்றைக் கற்றுக்கொள்ளலாம், கற்பிக்கவும் செய்யலாம். பத்துப் பன்னிரண்டு பேர், வாரம் ஒரு மாலை, ஏழெட்டு வாரங்கள், ஒரு சபை மண்டபம், நகர்த்தக்கூடிய நாற்காலிகள், ஆளுக்கொரு வேதாகமம் ஆகியவை இருந்தால் தொடங்கலாம்.

முதல் மாலை: பயத்தைச் சொல்ல விடுதல்

முதல் கூட்டத்தில் சமையலறைச் சம்பவத்தை மெதுவாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தமக்கு உண்மையில் எதைக் கண்டு பயம் என்பதை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லட்டும். அடி வாங்குவதைக் குறித்த பயமாக இருக்கலாம், வேலை போய்விடும் என்ற பயமாக இருக்கலாம், பெற்றோரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயமாகவும் இருக்கலாம். நடத்துகிறவர் தம்முடைய பயத்தை முதலாவதாகச் சொல்லவேண்டும். அவர் சொல்லாவிட்டால் மற்றவர்கள் பொதுவான வார்த்தைகளையே சொல்வார்கள்.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றை நீங்கள் செய்யவேண்டாம். முதன்முறை இதை நடத்தியபோது, ஒரு சகோதரி தம் பயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே, ‘நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்’ என்ற ஏசாயாவின் வசனத்தை நான் எடுத்துச் சொல்லிவிட்டேன். வசனம் உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அது அவருடைய வாயை அடைத்துவிட்டது. அவருக்குப் பின் பேசவேண்டியவர்கள் எல்லாரும் தங்களுக்குப் பெரிதாகப் பயம் ஒன்றும் இல்லை என்றே சொன்னார்கள். அன்றைய கூட்டம் அங்கேயே முடிந்துபோயிற்று. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் தொடங்கவேண்டியதாயிற்று. ஆகவே முதல் மாலையில் யாருக்கும் பதில் சொல்லாதீர்கள், ஆறுதலும் சொல்லாதீர்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு, சொன்ன பயங்களை அப்படியே பெயர் சொல்லி ஜெபத்தில் வையுங்கள்; அதுவே போதும்.

ஒருவர் மற்றவருடைய பயத்தைக் கண்டுகொள்ளப் பழகுவதும் இந்த மாலையின் வேலை. மாண்ட்கோமரியில் மதர் பொல்லார்ட் என்று எல்லாரும் அழைத்த ஒரு வயதான அம்மையார் இருந்தார். பேருந்துகளில் கடைப்பிடித்த நிறவொதுக்கலை எதிர்த்து மக்கள் அவற்றில் ஏற மறுத்த பேருந்துப் புறக்கணிப்பின்போது நாள்தோறும் நடந்தே போய்வந்த அவர், கால்கள் களைத்திருக்கின்றன, ஆத்துமாவோ இளைப்பாறியிருக்கிறது என்று சொன்னது எங்கும் பரவியது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு மாலை. மிரட்டல்களால் சோர்ந்திருந்த கிங் ஒரு கூட்டத்தில் தைரியமானவர்போலக் காட்டிக்கொண்டு பேசி முடித்தபோது, அந்த அம்மையார் அவரைப் பக்கத்தில் அழைத்து, இன்றைக்கு உன் பேச்சில் பலமில்லையே, என்ன நேர்ந்தது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று கிங் மழுப்பியும் அவர் விடவில்லை. நாங்கள் எல்லாரும் உன்னோடு இருக்கிறோம், நாங்கள் இல்லாமற்போனாலும் தேவன் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்று சொன்னார். குழுவில் இப்படிக் கேட்கக்கூடிய ஒருவர் யார் என்பதை முதல் வாரத்திலேயே கவனித்து வையுங்கள். பெரும்பாலும் அவர் அதிகம் பேசாத மூத்த பெண்மணியாக இருப்பார்.

இரண்டாம், மூன்றாம் மாலைகள்: வேதத்தை யாருடைய இடத்திலிருந்து வாசிப்பது

வேதாகமம் தைரியத்தையும் கொடுத்திருக்கிறது, அடங்கிப்போகவும் வைத்திருக்கிறது. இதை மறைத்துவிட்டுப் படிப்பை நடத்தினால், குழுவில் சிந்திக்கிற ஒருவர் கட்டாயம் உங்களைக் கேள்வி கேட்பார், கேட்பதும் நியாயமே. இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் இதே கேள்வியை 1935இல் இலங்கையில் சந்தித்தார். அமெரிக்க மாணவர் தூதுக்குழு ஒன்றின் தலைவராக வந்திருந்த அவரைக் கொழும்பில் சட்டக் கல்லூரி முதல்வர் காபி அருந்த அழைத்து, உம் முன்னோரை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றியவர்கள் கிறிஸ்தவர்கள், அவர்களுடைய மதத்தைத் தூக்கிக்கொண்டு நீர் இங்கே வந்து என்ன செய்கிறீர் என்ற பொருளில் நேரடியாகவே கேட்டார். தர்மன் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. இயேசு தாமே உரோமப் பேரரசின் காலடியில் வாழ்ந்த ஏழை யூதர், சுவரோடு சுவராக நெருக்கப்பட்டவர்களுக்கு அவர் சொல்வது என்ன என்று பல ஆண்டுகள் யோசித்து எழுதினார். அதே பயணத்தில், 1936 பிப்ரவரியில், அவர் பர்தோலியில் காந்தியைச் சந்தித்து அகிம்சையைப் பற்றி உரையாடினார்.

தர்மனுடைய பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன் அவருக்கு வேதம் வாசித்துக் காட்டுவது வழக்கம். பவுலின் நிருபங்களை மட்டும் அவர் வாசிக்க விடமாட்டார். எப்போதாவது ஒருமுறை, அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்துக்கு அனுமதி உண்டு. வளர்ந்த பிறகு காரணம் கேட்டபோதுதான் பாட்டி சொன்னார்: எஜமானுடைய போதகர் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வந்து, அடிமைகளே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்பதையே பிரசங்க வசனமாக எடுப்பார், விடுதலை வந்து எனக்கு வாசிக்கவும் தெரியவந்தால் அந்தப் பகுதியை நான் வாசிக்கமாட்டேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன் என்று. நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எபேசியர் 6:5 ‘வேலைக்காரரே’ என்று தொடங்குவதால், அந்த வசனத்தின் சுமை நம் காதில் முழுமையாக விழுவதில்லை. அதை ‘அடிமைகளே’ என்று மாற்றி ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மண்டபத்தில் ஏற்படும் அமைதியே அடுத்த உரையாடலைத் தொடங்கிவைக்கும்.

பிறகு, அந்த மக்கள் எந்தப் பகுதிகளைத் தங்களுடையவையாக எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். எகிப்தை விட்டுப் புறப்பட்ட யாத்திராகமம், நீதியை வற்றாத நதியாகக் காட்டிய ஆமோஸ் 5:24, மலைப்பிரசங்கம், நடுராத்திரியில் சிறையில் பாடிய பவுலும் சீலாவும், அக்கினிச் சூளையில் போடப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்பவை மறுபடி மறுபடி வருகின்றன. ஒவ்வொரு பகுதியையும் வாசித்து, இதில் பேசுகிறவர் யார், அவருடைய காலடியில் யார் கிடக்கிறார்கள், நாம் இந்தக் கதையில் எங்கே நிற்கிறோம் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல விடாதீர்கள், ஏனென்றால் நம்மில் எவரும் உடனே எபிரெயர் பக்கம் போய் நின்றுகொள்வோம். பார்வோனின் வீட்டில் சம்பளம் வாங்குகிறவர்களாகவும் நாம் இருக்கக்கூடும்.

1963 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்காம் நகரின் எட்டு வெள்ளையின மதகுருக்கள், போராட்டம் விவேகமற்றது, காலத்துக்கு ஏற்காதது என்று அறிக்கை விட்டதையும், சிறையிலிருந்த கிங் செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கி ஏப்ரல் 16 தேதியிட்டு அவர்களுக்குப் பதில் கடிதம் எழுதியதையும் இந்த மாலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுத்திருங்கள் என்ற சொல் நம் சபைகளிலும் அடிக்கடி கேட்கிற சொல்தான். பொறுமை எப்போது விசுவாசத்திலிருந்து வருகிறது, எப்போது வசதியிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒரு முழு மாலையையே ஒதுக்கலாம்.

சத்துருவைச் சிநேகிப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். இந்தக் கட்டளையைப் பாதிக்கப்பட்டவருக்கு வெளியிலிருந்து யாரும் கட்டளையாக இடக்கூடாது. மாண்ட்கோமரியில் அதைச் சொன்னவருடைய வீட்டிலேயே குண்டு வெடித்திருந்தது, ஆகவே அவர் சொல்லலாம். உங்கள் குழுவில் ஒருவர் அநீதியால் நொறுங்கியிருக்கும்போது, மற்றவர் எழுந்து மன்னித்துவிடுங்கள் என்று சொல்வதை நடத்துகிறவர் மரியாதையாகத் தடுத்து நிறுத்தவேண்டும்.

நான்கு முதல் ஆறாம் மாலை வரை: நடித்துப் பழகுதல்

இந்த வழிகாட்டியில் மிக அதிக நேரம் கேட்பது இந்தப் பகுதி. ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் இளைஞர், கொரியப் போருக்கான கட்டாய இராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்றவர். வெளியே வந்ததும் நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரிக்கு மிஷனெரியாக வந்து, மாணவருக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்துக்கொண்டே காந்திய முறைகளைப் படித்தார். மாண்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நடப்பதை அங்கேதான் நாளிதழில் வாசித்தார். நாடு திரும்பி, 1957இல் கிங்கைச் சந்தித்தபோது, தாமதிக்காமல் தெற்கே வாருங்கள் என்று கிங் கேட்டுக்கொண்டார். லாசன் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகருக்குப் போய், கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் ஆலயத்தில் மாணவர்களைக் கூட்டிப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். டயேன் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல் ஆகியோர் அந்த வகுப்புகளிலிருந்து வந்தவர்கள்.

கறுப்பினத்தவர் பொருள் வாங்கலாம், ஆனால் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்றிருந்த கடைகளின் உணவுக் கவுண்டர்களில் போய் அமர்வதே அவர்களுடைய திட்டம். அதற்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டுச் சிலர் உட்காருவார்கள், மற்றவர்கள் கடைக்கு வரும் ரௌடிகளாக மாறி அவர்களைத் திட்டுவார்கள், நாற்காலியைப் பிடித்து இழுப்பார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், மேலே எதையாவது ஊற்றுவார்கள். அடி விழுந்தால் முழங்காலை மடக்கித் தலையைக் கைகளால் மூடிக்கொள்வது எப்படி, ஒருவரை மட்டும் பலர் அடிக்கும்போது அடி பங்கிடப்படும்படி மற்றவர்கள் நடுவே போய் விழுவது எப்படி, அடிக்கிறவருடைய கண்ணை நேராகப் பார்ப்பது எப்படி என்பதையெல்லாம் உடலால் பழகினார்கள்.

நீங்கள் நடத்தும்போது இந்த முறையைக் கடைப்பிடிக்கலாம். ஐந்து நாற்காலிகளை ஒரே வரிசையில் போடுங்கள். ஐவர் உட்காரட்டும், ஐவர் எதிர்ப்பாளர் ஆகட்டும், மீதிப் பேர் பேசாமல் கவனிக்கட்டும். ஒரு சுற்று நான்கு நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். கையை உயர்த்தினால் எல்லாரும் உடனே நின்றுவிடவேண்டும் என்ற அடையாளத்தை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். உண்மையான அடி, தள்ளு எதுவும் கூடாது. வீட்டிலோ வெளியிலோ வன்முறைக்கு ஆளானவர்கள் இதில் அமரவேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். கவனிப்பவராக இருப்பதே அவர்களுக்குப் போதும், அல்லது அந்த மாலைக்கு வராமலும் இருக்கலாம். சுற்று முடிந்ததும் இடம் மாறுங்கள், இதை மட்டும் எக்காரணத்தாலும் தவிர்க்காதீர்கள். எங்கள் குழுவில் மிக மென்மையாகப் பேசுகிற ஓர் இளைஞர் எதிர்ப்பாளராக நின்று, தாம் தினமும் ‘அண்ணே’ என்று அழைக்கிற ஒருவரை மூன்று நிமிடம் வாயில் வந்தபடி ஏசினார். முடிந்ததும் அவர் நாற்காலியில் அமர்ந்து தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு எளிதாக வரும் என்று நான் நினைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். சத்துரு என்கிறவரும் நம்மைப் போன்ற மனிதர்தான் என்பதைப் பற்றி அன்று நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த பிரசங்கத்தை எடுக்கவே இல்லை.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும், உடலில் எங்கே கோபம் ஏறியது, எந்தச் சொல்லுக்குத் திருப்பிப் பேசத் தோன்றியது, எது உங்களைப் பிடித்து உட்கார வைத்தது என்று கேட்டுப் பேசுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைக் குறித்து வையுங்கள். சிலர் ஒரு சங்கீத வரியைச் சொல்வார்கள். ‘கர்த்தர் என் வெளிச்சமும் என் இரட்சிப்புமானவர், யாருக்குப் பயப்படுவேன்?’ என்பது அடிக்கடி வரும். சிலரோ, பக்கத்தில் இருந்தவருடைய தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது என்பார்கள். இரண்டாவது பதிலைக் குறைந்த பதிலாக எண்ணவேண்டாம். அந்த இயக்கத்தில் விசுவாசம் பெரும்பாலும் பக்கத்து நாற்காலியின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

நாஷ்வில் மாணவர்கள் 1960 பிப்ரவரி 13 அன்று உள்ளிருப்பைத் தொடங்கினார்கள். பிப்ரவரி 27 அன்று அவர்களைக் கடைக்குள்ளேயே அடித்தார்கள். அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்ட 81 பேரைக் காவல்துறை கைது செய்தது. ஒரு வரிசையைக் கொண்டுபோனதும் அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் அமர்ந்தது. லூயிஸும் லஃபாயெட்டும் எழுதி எல்லாரிடமும் கொடுத்திருந்த நடத்தை விதிகளில், அடித்தாலும் ஏசினாலும் திருப்பிச் செய்யாதே, சத்தமாய்ச் சிரிக்காதே, தலைவர் சொல்லாமல் இருக்கையை விட்டு எழாதே, கடையின் வழியை அடைக்காதே, நிமிர்ந்து கவுண்டரைப் பார்த்து உட்கார், எப்போதும் மரியாதையாய் இரு, இயேசு கிறிஸ்துவும் மகாத்மா காந்தியும் மார்ட்டின் லூதர் கிங்கும் போதித்ததை நினைவில் வை என்பவை இருந்தன. உங்கள் குழுவும் தன் விதிகளை எழுதட்டும். ஒரு சிறு காகிதத்தில் அடங்கவேண்டும், பயந்த நேரத்தில் நினைவுக்கு வரும் அளவுக்குச் சின்னச் சின்ன வாக்கியங்களாக இருக்கவேண்டும்.

கடை வீதியில் ஒருவன் லாசனுடைய முகத்தில் துப்பினான். லாசன் அவனிடமே கைக்குட்டை கேட்டார். அவன் திகைத்து எடுத்துக் கொடுத்தான். முகத்தைத் துடைத்துக் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உன்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று லாசன் விசாரித்தார். பேச்சு அதன்மேல் போயிற்று. இதை ஒரு தந்திரமாகக் கற்பிக்காதீர்கள். இப்படி ஒரு கேள்வி வாயில் வருவதற்கு, எதிரே நிற்கிறவனைப் பற்றி அறியவேண்டும் என்ற விருப்பம் நெடுநாளாக உள்ளே ஊறியிருக்கவேண்டும். அதற்குத்தான் எதிர்ப்பாளருக்காகத் தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கும் வழக்கம் வேண்டும்.

பாட்டு

இசைக்கருவி, ஒலிபெருக்கி, பாட்டுப் புத்தகம் எதுவும் இல்லாமல், இருட்டிலும் பாடக்கூடிய நான்கு பாடல்கள் உங்கள் குழுவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் நம் கீர்த்தனை முறை இதற்கு நன்கு பொருந்தும், வரிகளை அந்தந்த இடத்துக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளவும் முடியும். 1959 ஜூலையில் டென்னசியில் ஹைலாண்டர் பயிற்சிப் பள்ளிக்குள் காவலர்கள் இரவில் நுழைந்து விளக்குகளை அணைத்துச் சோதனையிட்டபோது, இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ‘வீ ஷல் ஓவர்கம்’ (நாம் ஜெயங்கொள்வோம்) என்ற பாடலைப் பாடத் தொடங்கினார்கள். மாண்ட்கோமரியிலிருந்து வந்திருந்த 14 வயதுச் சிறுமி ஜமிலா ஜோன்ஸ் அதில் ‘நாங்கள் பயப்படவில்லை’ என்ற புதிய அடியைச் சேர்த்தாள். இவ்வளவு சத்தமாகப் பாடத்தான் வேண்டுமா என்று கேட்ட காவலருடைய கை நடுங்கிக்கொண்டிருந்ததை அவள் பின்னாளில் நினைவுகூர்ந்தாள்.

மிசிசிப்பியின் பருத்திக்காட்டுத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமர், 1962 ஆகஸ்டில் 18 பேராக வாக்காளர் பதிவுக்குப் போய்த் திரும்பும் வழியில் அவர்களுடைய பேருந்தைக் காவலர்கள் நிறுத்தியபோது, உள்ளே இருந்தவர்களின் பயத்தைப் பாட்டால் தாங்கினார். அடுத்த ஆண்டு ஜூனில் வினோனா நகரச் சிறையில் அவரைக் கொடுமையாக அடித்தார்கள். அந்தக் காயம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அந்தச் சிறையிலும், பவுலும் சீலாவும் கட்டுண்டிருந்ததைப் பற்றிய பாடலை அவர்கள் பாடினார்கள். தங்களிடம் கனிவு காட்டிய சிறைக்காவலருடைய மனைவியிடம் வாசித்துப் பார்க்கச் சொல்லி ஹேமர் கொடுத்த வசனங்களில் ஒன்று, மனுஷஜாதியான சகல ஜனங்களையும் தேவன் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணினார் என்னும் அப்போஸ்தலர் 17:26.

ஏழாம் மாலை: உறுதிமொழி அட்டை

1963இல் பர்மிங்காமில் தொண்டராகச் சேர்ந்த ஒவ்வொருவரும் பத்துக் கட்டளைகள் அச்சிட்ட ஓர் அட்டையில் கையெழுத்திட்டார்கள். இயேசுவின் போதனைகளையும் வாழ்வையும் தினமும் தியானிப்பது முதலாவது. இந்த இயக்கம் நாடுவது நீதியையும் ஒப்புரவையும், வெற்றியை அல்ல என்பதை மறவாதிருப்பது இரண்டாவது. நண்பரிடமும் பகைவரிடமும் சாதாரண மரியாதைகளைக் காப்பது, கைமுட்டியாலும் நாவாலும் இருதயத்தாலும் வன்முறை செய்யாதிருப்பது, ஆவிக்குரிய நலத்தோடு உடல்நலத்தையும் பேணுவது, ஊர்வலத்தில் தலைவர் சொல்வதைக் கேட்பது ஆகியவையும் அதில் உண்டு. இருதயத்தின் வன்முறை என்ற சொல்லுக்கு நேரம் கொடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு உள்ளே சபித்துக்கொண்டிருப்பதை அந்த அட்டை அகிம்சையாக ஏற்கவில்லை.

அட்டையின் கீழ்ப்பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை, எனக்கோ அதுதான் அருமையாகப் படுகிறது. ஊர்வலம் தவிர வேறு எதில் உதவமுடியும் என்று கேட்டு, கார் ஓட்டுதல், தொண்டர்களுக்குச் சமைத்தல், தொலைபேசியில் பேசுதல், தட்டச்சு செய்தல், துண்டறிக்கை கொடுத்தல், எடுபிடி வேலை என்றெல்லாம் அச்சிட்டிருந்தார்கள். ஆகவே பயம் தாங்காதவருக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. நாஷ்வில் மாணவர்களின் தலைவியாக இருந்த டயேன் நாஷே தொடக்கத்தில், தொலைபேசி வேலை செய்கிறேன், தட்டச்சு செய்கிறேன், சிறைக்கு மட்டும் பயம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். சிறைக்குப் போகும் நேரம் வந்தபோது, பயப்படக்கூட முடியாத அளவுக்கு வேலை இருந்தது என்று பிறகு சொன்னார்.

உங்கள் அட்டையிலும் இந்தப் பகுதி இருக்கட்டும். அட்டையைக் கூட்டத்திலேயே நிரப்பச் சொல்லாதீர்கள். கூட்டத்தின் உற்சாகத்தில் போட்ட கையெழுத்து மறுநாள் பாரமாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டாரிடம் காட்டிப் பேசி, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவரட்டும். பர்மிங்காமில் மே 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்ததும், மறுநாள் அவர்கள்மீது நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் ஏவப்பட்டதும் போராட்டத்தின் போக்கை மாற்றின என்பது வரலாறு. ஆனாலும் உங்கள் குழுவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் அட்டையை நீட்டாதீர்கள் என்றே சொல்வேன்.

கடைசி மாலை: விடுவிக்காமற்போனாலும்

பர்மிங்காமில் 1963 மே 5, ஞாயிற்றுக்கிழமை, போதகர் சார்ல்ஸ் பில்லப்ஸ் தலைமையில் சிறைச்சாலைப் பக்கம் ஜெபிக்கப் போனவர்கள் தடுக்கப்பட்டு, தெருவிலேயே முழங்காலிட்டார்கள். தண்ணீரைத் திறக்க உத்தரவு வந்தது. அவர்கள் எழுந்து நடந்தபோது தீயணைப்பு வீரர்கள் குழாய்களைத் தாழ்த்தியபடி வழிவிட்டு ஒதுங்கினார்கள் என்று கிங் எழுதியிருக்கிறார். இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். இதை மட்டும் சொல்லியும் நிறுத்தாதீர்கள். அதே நகரில், அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வைக்கப்பட்ட குண்டு ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் என்ற நான்கு சிறுமிகளைக் கொன்றது. டெனிஸுக்கு 11 வயது, மற்ற மூவருக்கும் 14 வயது. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரத்து எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமைக்காக ஊர்வலம் வந்த சுமார் 600 பேர் நின்றபோது, முழங்காலிட்டு ஜெபிக்க எண்ணியவர்களைக் காவலர்கள் அந்த ஜெபத்துக்கு முன்பே தடியால் அடித்து வீழ்த்தினார்கள். ஜான் லூயிஸின் மண்டையோடு பிளந்தது.

ஜெபித்தால் குழாய் தாழும் என்று கற்றுக்கொண்ட குழு, குழாய் தாழாத அன்றைக்கு உடைந்துபோகும். அதனால்தான் இந்தக் கடைசி மாலைக்குத் தானியேல் 3ஆம் அதிகாரத்தை வைத்திருக்கிறேன். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன அந்த மூவர் அடுத்த மூச்சில் ‘விடுவிக்காமற்போனாலும்’ என்கிறார்கள். ஒருவர் வாசிக்கட்டும், பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். முதல் மாலையில் சொன்ன பயங்களை மறுபடியும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவற்றில் மாறியது எது, மாறாதது எது என்று அவரவர் சொல்லட்டும். மாறாத பயத்தைச் சொல்கிறவர் தோற்றுப்போனவர் என்று யாருக்கும் தோன்றாதபடி நடத்துகிறவர் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பிறகு நடைமுறைக்கு வாருங்கள். பிணைப் பணம் யாரிடம் இருக்கிறது, எந்த வழக்கறிஞருடைய எண்ணை எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள், சிறைக்குப் போகிறவருடைய பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது யார், மருந்து சாப்பிடுகிறவர் யார் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்யுங்கள். பர்மிங்காமில் 1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளி காலையில் பிணைப் பணம் தீர்ந்துபோயிருந்தது. காஸ்டன் விடுதியின் 30ஆம் எண் அறையில் கூடியிருந்த 24 பேரும் வாயடைத்திருக்க, கிங் பக்கத்து அறைக்குப் போய் ஜெபித்து, வேலையுடை உடுத்திக்கொண்டு வந்து, சிறைக்குப் போகிறேன் என்றார். அது பெரிய விசுவாசம்தான். ஆனாலும் வெளியே இருந்தவர்கள் அந்த நாட்களில் பணம் திரட்ட ஓயாமல் ஓடினார்கள் என்பதையும் உங்கள் குழு தெரிந்துகொள்ளட்டும்.

அட்டைகளைச் சேகரிக்கும்போது, நெருங்கிய உறவினர் பெயர், முகவரி என்ற வரி வெறுமையாக இருந்தால் அதை வாங்கவேண்டாம். அன்றிரவே நிரப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் ஒரு பையை ஆயத்தம் செய்யட்டும். செல்மாப் பாலத்துக்குப் போன அன்று ஜான் லூயிஸ் முதுகில் மாட்டியிருந்த பையில் இரண்டு புத்தகங்கள், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பல் துலக்கத் தூரிகையும் பற்பசையும் இருந்தன. சிறையில் பசித்தால் சாப்பிடவும், நேரம் போக வாசிக்கவும், காலையில் பல் துலக்கவும் வேண்டும் என்று நினைத்து அவர் எடுத்து வைத்தவை அவை.